மஜ்ஜை மாற்றிய பிறகு எதிர்ப்பு சக்தி எப்போது திரும்பும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்கு அப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களைச் செய்யாத நோய். மஜ்ஜை கொடுத்தது நான். அதனால் குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் யார் வீட்டில் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தாலும் எப்படியோ என் நம்பர் அங்கே போய்விடுகிறது. செலவு, டோனர் தேடுவது பற்றியெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் தொடங்குகின்றன, அவையும் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். போனில் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரையையும் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது உங்கள் டாக்டர் வேலை.

கவுண்ட் வந்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்போ எதிர்ப்பு சக்தி வந்துடுச்சுதானே அண்ணே?

இல்லை. கவுண்ட் வந்தது என்று அவர்கள் சொல்வது நியூட்ரோபில் என்ற ஒரே ஒரு வகை வெள்ளை அணுவைப் பற்றி. அது 500-ஐத் தாண்டி 3 நாள் தொடர்ந்து நின்றால் புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று கணக்கு. டோனரின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய் செல்) எடுத்திருந்தால் சுமார் 2 வாரம், இடுப்பெலும்பிலிருந்து எடுத்திருந்தால் 3 வாரம், தொப்புள்கொடி ரத்தம் என்றால் 4 வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

நியூட்ரோபில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும்தான் பார்த்துக்கொள்ளும். வைரஸை அடக்க டி செல் வேண்டும், ஆன்டிபாடி செய்ய பி செல் வேண்டும், இவை மெதுவாகத்தான் வரும். முதல் மாதத்தில் என்.கே. செல்கள் (வைரஸை முதலில் எதிர்க்கும் ஒரு வகை) வந்துவிடும். டி செல்லில் இரண்டு வகை: கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் சி.டி.8 சில மாதங்களில் தேறும், மற்ற செல்களை வழிநடத்தும் சி.டி.4 தேற 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும். பி செல்லும் ஆன்டிபாடியும் ஒழுங்காக வேலை செய்ய ஒன்றிலிருந்து இரண்டு வருஷம். பாலாற்றில் தண்ணீர் வந்த அன்றைக்கே ஊர்க் கிணறு ஊறிவிடாது இல்லையா, அந்த மாதிரிதான். சாதாரண ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (டி, பி, என்.கே. செல்கள் சேர்ந்தது) எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் அவை வேலை கற்றுக்கொண்டனவா என்று அந்தத் தாளில் தெரியாது.

இன்னாத்துக்கு இவ்ளோ நாள் ஆவுது? குழந்தைங்களுக்கு மட்டும் சீக்கிரம் ஆயிடுதே?

டி செல் மஜ்ஜையில் பிறந்தாலும் வேலை கற்பது தைமஸ் என்ற சுரப்பியில். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற அது வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். 6 வயதுக் குழந்தைக்கு நன்றாக வேலை செய்யும், 50 வயதுக்காரருக்கு ரொம்பக் குறைவு. கீமோவும் கதிர்வீச்சும் அதை இன்னும் பாதிக்கின்றன. ஆரம்பத்தில் நோயாளி உடம்பில் இருக்கும் டி செல்களில் பெரும்பாலானவை டோனர் பையோடு வந்தவை, அவையே பெருகிக் கொஞ்ச நாள் ஓட்டுகின்றன.

டி செல்லை அழிக்கும் ஏ.டி.ஜி. மருந்து கொடுத்திருந்தால், பாதி பொருத்தமுள்ள டோனர் என்றால், தொப்புள்கொடி ரத்தம் என்றால் இன்னும் தாமதம். இதற்கெல்லாம் மேலே சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் போட்டு டி செல்லை வேண்டுமென்றே அடக்கியும் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து பெட்காரருக்கு இந்த மாத்திரையே இல்ல. எங்களுக்கு மட்டும் ஏன் மாசக்கணக்கா?

அவருக்கு அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்ப ஏற்றியிருப்பார்கள், மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அப்படித்தான். சொந்த செல் என்பதால் உடம்பை எதிர்க்காது, அடக்கும் மருந்தும் தேவையில்லை, தேறுவதும் சீக்கிரம். வேறொருவரின் செல் என்றால் கதையே வேறு.

அதற்குள்ளும் நோய்க்கு நோய் வித்தியாசம் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கு டோனரின் செல் மிச்சமிருக்கும் புற்று செல்லைத் தாக்குவது நல்லது, அதனால் எல்லாம் சரியாகப் போனால் அடக்கும் மருந்தைச் சீக்கிரம் குறைக்கப் பார்ப்பார்கள். அப்ளாஸ்டிக் அனீமியாவில் அழிக்க வேண்டிய புற்று எதுவும் இல்லை. புது மஜ்ஜையை உடம்பு தள்ளிவிடக்கூடாது என்பதுதான் கவலை, அதனால் நீண்ட நாள் கொடுத்து மெதுவாகக் குறைப்பார்கள். வார்டில் அடுத்தவர் சீட்டைப் பார்த்து ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள், தூக்கம் போவதுதான் மிச்சம்.

டோனர் செல்லே நம்ம உடம்பைத் தாக்கும்னு சொல்றாங்களே, அது என்ன?

ஜி.வி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். டோனரின் டி செல் வந்த உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகிறது. டோனர் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் முழுதாகப் பொருந்திய அண்ணன் தங்கைக்குள்ளும் வரும், ஏனென்றால் அந்தப் பரிசோதனையில் வராத சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் வருவது தோல், குடல், கல்லீரல் மூன்றையும்தான் முக்கியமாகப் பிடிக்கும்: உள்ளங்கை, பாதம், காதோரம் சிவந்த தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள். தடிப்பை வெயில் கட்டி, சூட்டுக் கொப்புளம் என்று நினைத்துச் சந்தனம் பூசிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், அன்றைக்கே போட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

பிறகு வரும் நாள்பட்ட வகை பல இடங்களில் தலைகாட்டும். கண் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், வாய் வறண்டு காரம் பட்டால் எரியும், தோல் இறுகும், நகம் உடையும், மூட்டு மடங்காது. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வரும். இதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, டாக்டரும் கேட்க மறந்துவிடலாம். நீங்களே சொல்லிவிடுங்கள், வைத்தியம் இருக்கிறது.

வைத்தியம் என்றால் முதலில் ஸ்டீராய்டு. கேட்கவில்லை என்றால் ருக்சோலிட்டினிப் மாதிரி மருந்துகள். இங்கேதான் சிக்கல்: ஜி.வி.எச்.டி.யும் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கும், அதற்கான மருந்தும் கெடுக்கும். பல பேருக்கு ஒரு வருஷம் கழித்தும் தொற்று வருவதற்கு இதுதான் காரணம்.

100 நாள் தாண்டிட்டா தப்பிச்சோம்னு சொல்றாங்களே?

100 என்பது டாக்டர்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட எல்லை. அன்றைக்கு உடம்பில் எந்தக் கதவும் சாத்திக்கொள்வதில்லை. ஆனால் காலத்துக்குத் தக்கபடி ஆபத்து மாறுவது உண்மை. கவுண்ட் இல்லாத முதல் மாதத்தில் பாக்டீரியா, கேண்டிடா பூஞ்சை, வாய்ப்புண் தரும் ஹெர்பிஸ். அதன் பிறகு 100 நாள் வரை சி.எம்.வி. என்ற வைரஸ், அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, நிமோசிஸ்டிஸ் நிமோனியா, சிறுநீரில் ரத்தம் வரவைக்கும் பி.கே. வைரஸ். 100 நாளுக்கு மேல் அக்கி, நிமோகாக்கஸ் நிமோனியா. நம் ஊரில் இதோடு காசநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் நிற்காத இருமல் என்றால் சும்மா இருக்கக்கூடாது.

மாத்திரைப் பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் பதில். அசைக்ளோவிர் குறைந்தது ஒரு வருஷம், அக்கிக்காக. செப்ட்ரான் குறைந்தது 6 மாதம், அடக்கும் மருந்து தொடர்ந்தால் அதுவரைக்கும், நிமோசிஸ்டிஸுக்காக. பூஞ்சைக்கு ஒன்று. நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இருந்தால் பென்சிலினும் சேரும். காய்ச்சலே இல்லையே, எதற்கு ஆன்டிபயாடிக் என்று நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரி 101 காய்ச்சல். ஒரு டோலோ போட்டுட்டு காலைல போலாமா?

கூடாது. தெர்மாமீட்டரில் 100.4 காட்டினாலே கிளம்ப வேண்டும், அது 38 டிகிரி செல்சியஸ். மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும், உள்ளே இருக்கிற கிருமி இறங்காது, அதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கும். நடுக்கம், திடீர்ச் சோர்வு, மூச்சு வாங்குவது இருந்தால் டிகிரி பார்க்காமல் போங்கள்.

சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்தில் எது பெரியதோ அங்கே போய் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டு, உங்கள் டாக்டர் குழுவோடு அவர்களைப் போனில் பேச வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரைப் பட்டியலும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற்றும் ரத்தத்தில் இருக்கிற லிம்போசைட்டுகளும் ஜி.வி.எச்.டி. மாதிரியே தாக்கக்கூடும், அதனால்தான்.

சி.எம்.வி. பாசிட்டிவாம். வீட்டுக்கு வந்துபோன யார்கிட்ட இருந்து ஒட்டிச்சு?

இந்தக் கேள்வியால் ஒரு மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். யாரிடமிருந்தும் ஒட்டவில்லை, பெரும்பாலும். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லார் உடம்பிலும் சின்ன வயதிலேயே இந்த வைரஸ் புகுந்து தூங்கிக்கொண்டிருக்கும். காவலுக்கு டி செல் இல்லாதபோது எழுந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

வாரம் ஒரு முறை பி.சி.ஆர். (ரத்தத்தில் வைரஸ் அளவைக் காட்டும் பரிசோதனை) பார்ப்பது, நுரையீரலையோ குடலையோ கண்ணையோ தொடுவதற்கு முன் பிடிக்கத்தான். அதற்கான கான்சைக்ளோவிர் மருந்து கொடுத்தால் வெள்ளை அணு மறுபடி இறங்கலாம், அதைப் பார்த்து மஜ்ஜை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வராமலே தடுக்க லெட்டர்மோவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. விலை அதிகம், உங்களுக்குத் தேவையா என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணன் பையனுக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டி தனி ரூம்ல வெச்சிருக்கோம். போதுமா?

போதாது. சின்னம்மை காற்றிலேயே பரவும், கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும். வேப்பிலை கட்டுவதும் கூழ் ஊற்றுவதும் உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நோயாளியை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கூட இருந்தார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மைக்கு மருந்து கொடுத்தால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்ற பேச்சு இந்த உடம்புக்குப் பொருந்தாது. இவருக்கு அது நுரையீரலுக்கும் மூளைக்கும் போகக்கூடும். எதிர்ப்புப் புரத ஊசி போடுவதானால் முதல் 4 நாளுக்குள் போடுவது நல்லது.

அக்கியும் இதே வைரஸ்தான், பழைய அம்மை நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப வருவது. நம் பக்கம் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அது தானாக ஆறிவிடும், பேர் காவிக்குப் போய்ச் சேரும். மஜ்ஜை மாற்றியவருக்கு எரிச்சலோடு ஒரு பக்கமாகக் கொப்புள வரிசை தெரிந்த அன்றே வைரஸ் மருந்து தொடங்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி ஏற நிலவேம்பு, சீந்தில், பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கேட்பவர்களும் பெரும்பாலும் பாசத்தில் கேட்கிற பெரியவர்கள். யோசித்துப் பாருங்கள்: டாக்டர் மாதக்கணக்கில் டி செல்லை அடக்க மருந்து கொடுக்கிறார், நாம் அதைத் தூண்டிவிடக் கஷாயம் கொடுக்கிறோம். தூண்டப்பட்ட டோனர் செல் யாரைத் தாக்கும் என்று மேலே ஜி.வி.எச்.டி. கேள்வியில் இருக்கிறது. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட நோயாளிகளைப் பற்றி இந்திய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள், அதுவும் சாதாரண ஆட்களுக்கு நடந்தது. பச்சை இலைச் சாற்றில் மண்ணும் பூஞ்சையும் வேறு.

இன்னொன்று, சைக்ளோஸ்போரின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் கிட்னிக்குக் கேடு, குறைந்தால் ஜி.வி.எச்.டி. பம்பளிமாஸ் சாப்பிட்டால் அளவு ஏறும். மெடிக்கல் ஷாப்பில் சளிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் வகை ஏற்றும், காசநோய்க்கான ரிபாம்பிசின் அடியோடு இறக்கும். பூஞ்சை மாத்திரையும் ஏற்றும், அதை நிறுத்தும்போது அளவு தானாக இறங்கும். அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், கையில் எடுத்துப் போய் ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

சாப்பாடு? இட்லி கூட புளிச்ச மாவுதானே?

மாவு புளித்தாலும் ஆவியில் வெந்துவிடுகிறது, சூடாகச் சாப்பிடலாம். பிரச்சினை சட்னியில்: காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி வேலூர் வெயிலில் மதியத்துக்குத் தாங்காது. பழைய சோறு, கரும்புச் சாறு, கடை ஐஸ் போட்ட ஜூஸ், வெட்டி வைத்த பழம், பச்சைக் கொத்தமல்லி தூவுவது, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். முள்ளுக் கத்திரிக்காயோ மட்டனோ, வீட்டில் நன்றாக வெந்து சூடாக இருந்தால் போதும். ஆம்பூர் பிரியாணி ஆசை எல்லாருக்கும் வரும். வீட்டில் செய்து கொடுங்கள், தயிர்ப் பச்சடி இல்லாமல். தயிர் எப்போது தொடங்கலாம் என்பதில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விலக்கி வைக்கும் கடும் பத்தியத்தால் தொற்று குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சுத்தமும் சூடும்தான் முக்கியம், பத்தியம் என்று சொல்லி எடை குறைய விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி பக்கம் தங்க வேலூர் காந்தி ரோடு லாட்ஜா, சத்துவாச்சாரில வீடா? ஏர் கூலர் வைக்கலாமா?

இடம் எதுவானாலும் மூன்று விஷயம் பாருங்கள்: சுவர் ஈரம், பக்கத்தில் கட்டட வேலை, ஜன்னலில் புறா. இடிக்கும் இடத்துத் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் பறக்கும். ஈரச் சுவரில் பூஞ்சை. புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ். தண்ணீர் ஊற்றும் கூலர் வேண்டாம், தேங்கிய தண்ணீரும் ஈரப் புல்லும் கிருமிக்குக் கொண்டாட்டம். பில்டர் கழுவிய ஏ.சி.யோ சாதாரண மின்விசிறியோ போதும்.

தடுப்பூசி எல்லாம் சின்ன வயசுலயே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?

பழைய மஜ்ஜையோடு அந்த நினைவும் போய்விட்டது. எத்தனை வயதானாலும் முதலிலிருந்து போட வேண்டும். நிமோகாக்கஸ் 3 முதல் 6 மாதத்தில், ஃபுளூ 6 மாதத்துக்கு மேல், தொண்டை அடைப்பான், டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி, போலியோ ஊசி எல்லாம் 6 முதல் 12 மாதத்துக்குள் தொடங்குவார்கள். உயிருள்ள கிருமி ஊசிகளான தட்டம்மையும் சின்னம்மையும் 2 வருஷத்துக்குப் பிறகுதான், அதுவும் ஜி.வி.எச்.டி. இல்லாமல், அடக்கும் மருந்து நிறுத்தியிருந்தால் மட்டும்.

வீட்டில் இருக்கிறவர்கள் வருஷா வருஷம் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்வது பெரிய உதவி. கைக்குழந்தை இருந்தால் ஒரு சங்கடம்: போலியோ சொட்டு மருந்தின் வைரஸ் மலத்தில் சில வாரம் வரும். சொட்டு மருந்து முகாமுக்குத் தூக்கிப் போவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள், அந்தக் குழந்தைக்கு நோயாளி கால் கழுவிவிட வேண்டாம்.

ரத்த குரூப் மாறிடுமா?

மாறும். ஓ பாசிட்டிவாக இருந்தவருக்கு பி பாசிட்டிவ் டோனர் என்றால் சில மாதங்களில் பி ஆகிவிடுவார். இடைப்பட்ட காலத்தில் எந்த ரத்தம் ஏற்றுவது என்று ரத்த வங்கிக்காரர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு, அதனால் நீங்களே குரூப் சொல்லி ரத்தம் வாங்காதீர்கள். இப்படி குரூப் மாறும்போது வெள்ளை அணுவும் தட்டணுவும் வந்தும் ஹீமோகுளோபின் மட்டும் தங்காமல் இழுக்கலாம். ரத்தத்தில் டி.என்.ஏ.வும் டோனருடையதே, முடி வேரில் சொந்த டி.என்.ஏ.தான். என் தங்கை இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வது தனிக் கதை.

கைமெரிசம் 100 இருந்தது, இப்போ 85 ஆயிடுச்சு. திரும்ப நோய் வந்துடுச்சா?

அவசியமில்லை. கைமெரிசம் என்பது ரத்தத்தில் டோனர் செல் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியாவில் இரண்டு பேர் செல்லும் கலந்து நிலையாக நின்றால் பலருக்கு நன்றாகவே ஓடும். ரத்தப் புற்றுநோயில் இதே எண் கவலைக்குரியது. ஒரு எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம், அதனால் சில வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். இறங்கிக்கொண்டே போனால் அடக்கும் மருந்தைக் குறைப்பதா, நோயைப் பொறுத்துக் கூட்டுவதா என்று முடிவு செய்வார்கள். ரத்தப் புற்றுநோயில் சில நேரம் டோனரைத் திரும்ப அழைத்து லிம்போசைட் எடுத்து ஏற்றுவதும் உண்டு, அதில் ஜி.வி.எச்.டி. வரும் வாய்ப்பையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள்.

எப்போ வேலைக்குப் போலாம்? தோல் ஷாப்லதான் வேலை.

மேசை வேலை என்றால் பலர் 6 மாதம் முதல் ஒரு வருஷத்தில் போகிறார்கள், குழந்தைகள் பள்ளிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். தோல் தொழிற்சாலை, பீடித் தூள், நிலத்தில் மண் கிளறுவது, மாட்டுக் கொட்டகை எல்லாம் இன்னும் தள்ளிப் போக வேண்டும், தூசியும் பூஞ்சையும் அங்கே அதிகம். முதலாளியிடம் வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள். வெயில் வேறு: தோல் ஜி.வி.எச்.டி.யை அது தூண்டிவிடும், அக்னி நட்சத்திரத்தில் மட்டும் இல்லை, மார்கழியிலும் குடையும் முழுக்கையும் வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி கூட்டத்தில் போவதைவிட ஒரு சாதாரண நாள் மத்தியானம் போங்கள், முருகன் அங்கேயேதான் இருப்பார்.

ஒன்றரை வருஷம் ஆச்சு. காய்ச்சல் இல்ல, சளி இல்ல, படி ஏறினா மட்டும் மூச்சு வாங்குது. உடம்பு பெருத்ததாலயா?

இதைத் தள்ளிப் போடாதீர்கள். நாள்பட்ட ஜி.வி.எச்.டி. நுரையீரலின் சின்னக் குழாய்களை மெல்ல அடைக்கலாம், வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் மட்டும்தான் அடையாளம். எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில்தான் தெரியும், அதைச் சிகிச்சைக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும், அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் போங்கள். அடைபட்டது பெரும்பாலும் திரும்ப வராது, மேலும் அடைபடாமல் நிறுத்தத்தான் வைத்தியம்.

போகிற அன்றே தைராய்டு, கண் புரை, எலும்பு அடர்த்தி, நிறைய ரத்தம் ஏற்றியிருந்தால் ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பின் அளவு) இவற்றையும் எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப் என்று சொல்லியிருந்தால், உடம்பு நன்றாக இருக்கிற வருஷமும் போக வேண்டும்.